நாத்தனார் முடிச்சு

இன்றைக்கும் முதல் டம்ளர் அந்தக் கட்டிலுக்குத்தான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும், சமையலறையிலிருந்து அவர் வெளியே வரும்போது ரப்பர் செருப்பு தேய்கிற சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவேன். என் கட்டில் சமையலறை வாசலை ஒட்டி, கையை நீட்டினால் நிலை தட்டும். நாத்தனார் கட்டில் ஹாலின் அந்தக் கோடியில், ஜன்னலோரம். வழியில் கிடப்பவளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கோடிக்குப் போவதுதானே உலக வழக்கம், தபால்காரர்கூட அப்படித்தான் செய்கிறார், ஆனால் என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போகிறார், காப்பி வாசனை என் மூக்குக்கு மேலே ஒரு தடவை வந்துவிட்டு அவர் பின்னாலேயே போய்விடுகிறது. 'அக்கா, எந்திரி. சூடு பாத்துக் குடி.' சூடு பார்த்துக் குடிக்கச் சொல்ல அவள் என்ன பால்குடியா, இந்த ஆவணி வந்தால் அறுபத்தெட்டு. ஒருநாள் கேட்டே விட்டேன், ஏங்க, பக்கத்துல இருக்கறவளுக்குக் கொடுத்துட்டுப் போனா என்ன என்று. 'ரெண்டு டம்ளரையும் ஒண்ணாத் தூக்கினா கை நடுங்குது குமுதா, அதான் தூரத்துல இருக்கறவளுக்கு மொதல்ல' என்றார். கணக்கு வாத்தியாராக இருந்தவர் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். எனக்கு வரும்போது காப்பியில் ஆடை படிந்திருக்கும். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிக்கிறேன், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறேன்.

இடுப்பு எனக்குத்தான் முதலில் போனது, அதை யாரும் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வருஷக்கணக்காக நொண்டி நொண்டி, மாடிப்படியைக் கண்டால் பேயைக் கண்டது போலாகி, கடைசியில் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். பெண் புனேயிலிருந்து வர முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை. 'அக்காவ வரச் சொல்லட்டுமா?' என்றார் இவர். நானும் தலையை ஆட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான், யாரைக் குற்றம் சொல்ல. ஹோசூரில் மகன் வீட்டில் இருந்த அகிலாண்டம் அண்ணி ஒரு பையும் ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாயுமாகத் திருச்சியில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாள், வீட்டுக்குக் கூட்டி வந்தாள், கஞ்சி வைத்தாள், எல்லாம் சரி, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நான் வீடு திரும்பிய வாரமே எங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டேன், முதலில் வாளி, அப்புறம் அவள். அவளுக்கும் இடுப்பு உடைந்தது, அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவளுக்குப் பாதி மூட்டுதான் மாற்றினார்கள், உள்ளே மூட்டு உட்காருகிற கிண்ணம் நல்ல நிலையில் இருக்கிறதாம். எனக்கு முழுசு, அவளுக்குப் பாதி, ஆனால் அனுதாபம் மட்டும் அவளுக்கு முழுசாகப் போகிறது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, 'பாவம், ஒத்தாசைக்கு வந்த எடத்துல இப்படி ஆயிப்போச்சே' என்கிறார்கள். நான் என்ன, வேண்டுதலுக்கா படுத்திருக்கிறேன்? பயிற்சி கொடுக்க வருகிற ஜெஸிந்தா இருக்கிறாளே, அந்தப் பெண் போன வாரம் என் முழங்காலை மடக்கிக்கொண்டே சிரிக்கிறாள், 'அந்தம்மா செம ஸ்பீடு ஆன்ட்டி, உங்களைப் பிடிச்சிருவாங்க போல.' அன்று முதல் எனக்கு வேறு வேலை இல்லை, அவள் எத்தனை எட்டு வைக்கிறாள் என்று பார்ப்பதுதான் வேலை. நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய்த் திரும்பிவிடுகிறேன். அவள் இன்னும் கட்டிலைச் சுற்றித்தான். இந்த ஒன்றிலாவது நான் முன்னால் இருக்கிறேன், இதையும் அவளுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

நேற்று சாயங்காலம் அவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டார். இந்த ஆபரேஷனில் குனியக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, ஒரு காலை இன்னொரு கால்மேல் போடக் கூடாது, கால்களுக்கு நடுவே தலையணையோடு கிடக்க வேண்டும். நம் பாதம் நமக்கே தூரத்துச் சொந்தம்போல ஆகிவிடுகிறது. அவர் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு விரலாக வெட்டினார். எனக்கும் வெட்டிவிட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் காலில் அவர் கை பட்டதும் எனக்கு உடம்பு கூசியது, கல்யாணத்தில் மெட்டி போட்டதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் என் காலை அவர் தொட்டதில்லை, தொட விட்டதுமில்லை, புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதாவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. மூத்தவள். அவள் காலைத் தொட்டால் இவருக்குப் புண்ணியம், என் காலைத் தொட்டால் எனக்குப் பாவம். வெட்டிக்கொண்டே ரெண்டு பேரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கதையை ஆரம்பித்துவிட்டார்கள், சின்ன வயசில் இவர் வாய்க்காலில் முங்கியதும் அவள் குதித்து அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்ததும். இழுத்துப் போட்டதும் முதுகில் நாலு அறை அறைந்தாளாம், தண்ணீர் வெளியே வர ஒன்று, ஆத்திரத்துக்கு மூன்று. நூறு தடவை கேட்டாயிற்று, நூறாவது தடவையும் புதுசாகச் சிரிக்கிறார்கள். 'இவ இல்லன்னா நான் இல்ல குமுதா' என்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் என் புருஷனே அவள் எனக்குப் போட்ட பிச்சைதான். எனக்கு அவரை நாற்பது வருஷமாகத் தெரியும், அவளுக்கு அவர் தொட்டிலில் கிடந்ததிலிருந்து தெரியும், இந்த ஓட்டத்தில் நான் எங்கே போய் அவளைப் பிடிப்பது?

நகத்தையெல்லாம் பேப்பரில் மடித்துப் போட்டுவிட்டு வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். 'குமுதா, அக்கா இனிமே நம்மகிட்டயே இருக்கட்டுமா? ஹோசூர் வீடு மூணாவது மாடி, லிஃப்ட்டும் கெடையாது. இந்தக் காலோட ஏறினா எறங்க முடியாது.' மெதுவாக என்று அவர் நினைத்துக்கொள்கிறார், வகுப்பில் கத்திக் கத்திப் பழகின தொண்டை, அவர் மெதுவு தெருவுக்குக் கேட்கும். 'நாளைக்குச் சொல்றேங்க' என்றேன். அந்த நாளை இன்றைக்கு வந்துவிட்டது. இருக்கட்டும் என்று சொன்னால் ஆயுசு முழுக்க எனக்கு ஆடை படிந்த காப்பிதான். வேண்டாம் என்று சொன்னால் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார், சரி என்று எழுந்து போவார், போய் அவளுக்கு ரயில் டிக்கெட் எடுப்பார், அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மூணாவது மாடி அவர் கண்ணில் நிற்கும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். எனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்வேன், இந்த மனுஷருக்கு நான் முதல் ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், ரொம்பப் பெரிய ஆசையா இது? அறுபத்து மூன்று வயசில் இதை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள்.

வெளியே பஸ் பஸ்ஸாக ஜனங்கள் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிறார்கள். ஆடிப்பெருக்கு. எந்த வீட்டிலோ எலுமிச்சம்பழச் சாதத்துக்குத் தாளிக்கிறார்கள், பெருங்காய வாசனை ஜன்னல் வழியாக வருகிறது, அதுவும் முதலில் அவளுக்குத்தான் வரும். இன்றைக்குத்தான் என் கழுத்தில் திரும்பத் தாலி ஏறப் போகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் தங்கம் ஒரு பொட்டுகூட உடம்பில் இருக்கக் கூடாது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள், நர்ஸ் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி மாட்டிவிட்டாள். கழற்றின தாலியை இவர் கையில் கொடுத்தேன், என் கையால் அவர் கையில். தள்ளுவண்டியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறேன், இவர் அதை அப்படியே அவளிடம் நீட்டுகிறார், 'அக்கா, நீ வெச்சுக்கோ, என் சட்டைப்பை ஓட்டை.' அவள் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டேதான் மயக்க மருந்துக்குப் போனேன். என்ன சொப்பனம் வந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? கல்யாணத்தன்று என்ன நடந்ததோ அதுதான் திரும்ப நடந்தது. அன்றைக்கும் அவர் போட்டது ஒரு முடிச்சு. ஒன்றே ஒன்று. மிச்சம் இரண்டையும் பின்னால் நின்று இவள்தான் போட்டாள், நாத்தனார் முடிச்சு, எல்லா வீட்டிலும் வழக்கம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் நாத்தனார் முடிச்சைப் போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் கழுத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் அவருடையது, இரண்டு பங்கு இவளுடையது. அன்று அவள் பட்டுப்புடவை சரசரக்க என் பின்கழுத்தில் மூச்சு விட்டதும், முடிச்சை இறுக்கும்போது என் முடி இரண்டு அதில் சிக்கிச் சுரீரென்றதும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லவில்லை, மணமேடையில் யார் சொல்வார்கள்.

என் மாமியார் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கிறார், கழுத்தைவிட்டு இறங்கின தாலி கல்யாணத்தன்றைக்கு ஏறின மாதிரியேதான் ஏற வேண்டும், கட்டினவன் ஒன்று, பெண்பிள்ளை ஒருத்தி இரண்டு. அதனால் ஆடிப்பெருக்கு வரை நர்ஸ் மாட்டின மஞ்சள் கயிறே போதும் என்று வைத்திருந்தோம். அண்ணிதான் இப்போது தொட முடியாதே. அவள் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது. அதனால் மாடி வீட்டுப் பத்மாசனியைச் சொல்லி வைத்திருக்கிறது, சுமங்கலி, பேரன் பேத்தி எடுத்தவள். நான் குளித்து, புதுசாக ஒரு சுங்கடிப் புடவையைச் சுற்றிக்கொண்டு, வாக்கரைப் பிடித்து வந்து, மெத்தை போட்டு உயர்த்தின நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இவர் பீரோவிலிருந்து தாலியை எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்து, தாம்பாளத்தில் குங்குமத்தோடு வைத்துக்கொண்டு நிற்கிறார். போன் அடிக்கிறது. பத்மாசனிதான். 'மாமி, நான் ஆத்தங்கரையில மாட்டிக்கிட்டேன், கூட்டம் நெருக்கித் தள்ளுது, மதியம் ஆயிரும் போல.' மதியம் வரை எப்படி, ராகுகாலம் வந்துவிடும். இவர் போனையும் தாம்பாளத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். பிறகு சொல்கிறார், 'விடு குமுதா. மூணையும் நானே போட்டுடறேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.'

கேட்டேனா, இல்லை நானே நினைத்துக்கொண்டேனா? மூணையும் நானே போட்டுடறேன். இத்தனை வருஷம் கழித்து, வாத்தியார் தானாக விடையைச் சொல்லிவிட்டார். எனக்குள் ஏதோ குதிக்கிறது, ஜெஸிந்தா பார்த்தால் குதிக்கக் கூடாது ஆன்ட்டி என்பாள். மூன்றும் அவர் கையால், ஒரு பங்கும் வெளியே போகாமல். தலையைக் குனிகிறேன், கழுத்தை மட்டும், இடுப்பு வளையாமல். அவர் பின்னால் வந்து நின்று கயிற்றை என் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோகிறார், முதல் முடிச்சு விழுகிறது. அந்த நேரம் பார்த்து எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஆமாம், பார்க்கத்தான் வேண்டும், ஜெயித்தவளுக்குத் தோற்றவள் முகத்தைப் பார்க்க ஆசை இருக்காதா? கண்ணை உயர்த்தி ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். முகத்தைக் காணோம். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஆபரேஷன் ஆன பக்கமாகவே. கால் நடுவில் தலையணை இல்லை, அது தரையில் கிடக்கிறது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

'அண்ணி! என்ன காரியம் பண்றீங்க? அந்தப் பக்கம் படுக்கக் கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரே, மூட்டு நழுவிடும்!' 'இல்லம்மா, நல்ல காரியம் நடக்குது, நான் எதுக்கு எதிர்ல...' சுவரைப் பார்த்தபடியே சொல்கிறாள். வலியில் குரல் உடைகிறது. இவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கும் போக முடியாமல் இங்கும் நிற்க முடியாமல் நிற்கிறார். எனக்குப் புரிகிறது, இது என் ஜெயம் இல்லை. அவள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்நேரம் அவள்தான் என் பின்னால் நின்றிருப்பாள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வயிறு எரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், அது நியாயமான எரிச்சல், எனக்குப் பழகின எரிச்சல். அந்த அண்ணன் செத்துப்போனதால் எனக்கு இரண்டு முடிச்சு லாபம் என்றால் அந்த லாபத்தை எதில் கொண்டுபோய் வைப்பது? தட்டிப் பறித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்படி முக்காடு போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தால் எனக்கு வேண்டாம்.

'எந்திரிச்சு வாங்க. மிச்ச ரெண்டையும் நீங்கதான் போடணும்.' 'குமுதா!' என்கிறார் இவர். 'வேண்டாம்மா, நான் தொடக் கூடாது. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான் சொல்லும்.' 'ஆஸ்பத்திரியில உங்க முந்தானையிலதான முடிஞ்சு வெச்சிருந்தீங்க? அப்ப ஒட்டாத தோஷம் இப்ப ஓடி வந்து ஒட்டிக்குமா? கழுத்து வலிக்குது அண்ணி, சீக்கிரம் வாங்க.' பிறகு கட்டில் கிறீச்சிடுகிறது. வாக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம். டக். கால் இழுபடுகிறது. டக். கட்டிலைச் சுற்றியே நடந்தவள் ஹாலில் இறங்கிவிட்டாள். முழு ஹாலும். சோபாவைத் தாண்டுகிறாள், டிவியைத் தாண்டுகிறாள், முக்காடு நழுவித் தோளில் கிடக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிறாள். 'அக்கா, நடந்துட்டியே! பாரேன் குமுதா, எவ்வளவு தூரம் நடந்துட்டா!' இவர் குரலில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கின பையனைக் கண்ட சந்தோஷம். நான் முதல் தடவை சமையலறை வரை போய்த் திரும்பியபோது, பாத்துப் போ, ஈரம் என்றுதான் சொன்னார். சரி, போகட்டும், கூப்பிட்டது நான், நடந்தது அவள், வயிறு எரிவது மட்டும் எனக்கு.

என் பின்னால் வந்து நிற்கிறாள். வாக்கரை விட்டுவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொள்கிறாள், இவர் முன்பக்கம் வந்து தாம்பாளத்தோடு நிற்கிறார். விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன. ஒரு முடிச்சு. என் முடியை ஒதுக்கிவிட்டுத்தான் போடுகிறாள், இந்தத் தடவை. காதோரம் மூச்சுக் காற்று, மாத்திரை வாசனை. 'நேத்து நீங்க பேசினது காதுல விழுந்துச்சு குமுதா. நான் ஹோசூருக்கே போயிடறேன். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத.' இப்படி நல்லவளாகவே இருந்து இருந்துதான் இவள் என்னைக் கொல்கிறாள். 'மூணாவது மாடிக்கு எப்படி ஏறுவீங்க, பறந்தா? இங்கதான் இருக்கப் போறீங்க, நான் சொல்லிட்டேன். பேசாம முடிச்சைப் போடுங்க.' சண்டை போடுகிற குரலில்தான் வந்தது. வேறு குரல் இப்போதைக்கு என்னிடம் இல்லை. இவர் தாம்பாளத்தைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார், கண் நிறைந்துவிட்டது, மனுஷர் அழப் போகிறார். பார்க்கட்டும், என்னையே பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கட்டும். மூன்றாவது முடிச்சு விழுகிறது. விழுந்ததும் அவள் நெற்றி என் தலையில் வந்து முட்டுகிறது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, உடம்பு குலுங்குகிறது, குலுங்கின உடம்புக்கு அந்தப் புதுக் கால் ஈடுகொடுக்கவில்லை. அவள் பாரம் முழுக்க என் தோளில் இறங்குகிறது. எனக்குக் கீழே மெத்தை வழுக்குகிறது. நான் முன்னால் சரிகிறேன், அவள் பக்கவாட்டில் சரிகிறாள், என்னால் திரும்பிப் பிடிக்க முடியாது, குனிய முடியாது.

'அவங்களப் பிடிங்க!' என்று கத்துகிறேன்.

தாம்பாளம் கணீரென்று விழுகிறது, தரையெல்லாம் குங்குமம். அவர் சட்டை என் கன்னத்தில் உரசிக்கொண்டு போகிறது. நாற்காலிக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, என்னை நானே நிறுத்திக்கொள்கிறேன். இடுப்பில் ஒரு வெட்டு வெட்டி அடங்குகிறது. ஒன்றும் ஆகவில்லை. பின்னால் அவர் அவளை இரண்டு கையாலும் அணைத்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், 'ஒண்ணும் இல்லக்கா, ஒண்ணும் இல்ல, பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்.' 'குமுதாவப் பாருடா மொதல்ல' என்கிறாள் அவள். எனக்குக் கழுத்தில் புதுக்கயிறு குத்துகிறது. அவளைப் பிடிக்கச் சொன்னது நான்தான், தொண்டை கிழியச் சொன்னேன், மறுபடி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் ஒரு கணம், ஒரே ஒரு கணமாவது, தயங்கியிருக்கலாம் இந்த மனுஷர்.